பன்னிரண்டாவது விதி

பேரணாம்பட்டு ஆபீசுக்கு அந்தக் கடிதம் வந்தபோது
கத்திரி பிறக்கவில்லை, வெயில் பிறந்துவிட்டது.
நாற்பத்தோரு பக்கம்.
நமக்கு வேண்டியது முப்பதாவதில் என்றார் சேவியர் சார்.
வாசித்தார், தமிழில் சொன்னார்,
பிறகு தனக்கே ஒருதரம் சொல்லிக்கொண்டார்:
கருக்கலைப்பு என்ற சொல்லை இனி நாம் சொல்லக் கூடாது.
எங்கே செய்வார்கள் என்றும் சொல்லக் கூடாது.

கேட்டால்?
கேட்டாலும்.

நம்ம சட்டத்தில் குற்றமில்லையே சார்.
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.
அதன் வயிற்றில் அவர்கள் ஸ்டிக்கர்.
ஜீப்பில், எடை மிஷினில், இரும்புச்சத்து மாத்திரை டப்பாவில்,
என் மகனின் பாலிடெக்னிக் பீஸ் ரசீதில்
கண்ணுக்குத் தெரியாத ஒன்று.
கையெழுத்துப் போட்டோம், ஒன்பது பேரும்.

கடல் தாண்டி யாரோ ஓட்டுப் போட்டார்கள்.
மையை என் நாக்கில் வைத்தார்கள்.

ஜெயக்கொடி ஒரு வியாழக்கிழமை வந்தாள்,
ஆம்பூர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே.
ஷூ மேல்தோல் தைக்கிறவள். விரல் நுனியெல்லாம் பசை.
மூணு புள்ள கீது, அந்த ஆளு பெங்களூருல,
நாளு தள்ளிப்போச்சு, இன்னாக்கா பண்றது?
நான் சத்துணவு பற்றிச் சொன்னேன்.
இடைவெளி பற்றிச் சொன்னேன்.
அடுத்த முறைக்கான எல்லாவற்றையும் சொன்னேன்.
அவள் என் வாயையே பார்த்தாள்.
"இன்னாக்கா, வாயில கொழக்கட்டையா?"

அவள் தைத்த ஷூ அந்த ஊருக்குத்தான் போகிறது.
அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று
அதற்கும் ஒரு விதி உண்டாம்.

பத்து நாள் கழித்துச் செய்தி வந்தது.
மருந்துக்கடையில் தாளில் மடித்துக் கொடுத்த மாத்திரை,
இரண்டா நான்கா என்று எழுதாத தாள்.
மேல்பட்டி வருமுன் ஷேர் ஆட்டோ சீட் நனைந்துவிட்டது.
அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள்.
பிழைத்தாள்.
கம்பெனி வருகைப் பதிவில் அவள் பெயர் பிழைக்கவில்லை.
இப்போது என்னைக் கண்டால்
எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறாள்,
அந்தப் பக்கம் நிழலே இல்லாவிட்டாலும்.

எழுபத்தாறில் குடியாத்தம் முகாமில்
என் அம்மாவிடமும் யாரும் எதையும் கேட்கவில்லை.
அப்போது வேண்டியிருந்தது எண்ணிக்கை.
கடன் கொடுத்த ஊருக்கு
எங்கள் தெருவை எண்ணிக் காட்டினார்கள்.
அம்மாவுக்கு ஒரு நீல வாளியும் கொஞ்சம் ரூபாயும்.
அன்றைக்குக் குழாயை மூடக் காசு.
இன்றைக்கு வாயை மூட.
வாளி இன்னும் ஒழுகவில்லை.
பாலாற்றில்தான் தண்ணீர் இல்லை.

நேற்று ஒரு பெண் வந்தாள். பெயர் எழுத வேண்டாம் என்றாள்.
இருபது இருக்கலாம். நெற்றியில் வியர்வை,
கையில் சோதனை அட்டை, இரண்டு கோடு.
கேட்டாள்.
சுவரில் பன்னிரண்டாவது விதி, லேமினேட் போட்டு.

வெயில் அதிகம், என்றேன்.
வேலூருக்குக் காலை ஆறேகாலுக்கு ஒரு பஸ் உண்டு.
அங்கே இறங்கி அடுக்கம்பாறை வண்டி ஏறு.
பெரிய வாசல் வேண்டாம், இடது பக்கம் போ.
வேப்பமரம் தாண்டி வெளிநோயாளிச் சீட்டுக் கொடுப்பார்கள்.
மகப்பேறு முதல் மாடி. பணம் கேட்க மாட்டார்கள்.
கேட்டால் இந்த நம்பருக்குப் போன் பண்ணு,
இது என் சொந்த நம்பர், ஆபீஸ் போன் இல்லை.
ஆதார் எடுத்துக்கோ. சாப்பிட்டுவிட்டுப் போ.

அவள் திருப்பிச் சொன்னாள்: ஆறேகால், இடது பக்கம், வேப்பமரம்.

மாத அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கிறது,
பயனாளிக்கு வழங்கிய ஆலோசனை என்று.
அதில் எழுதினேன்: பஸ் நேரம்.

சேவியர் சார் அதை வெகுநேரம் படித்தார்.
பிறகு பேனாவைத் திறந்து
ஆறேகாலை அடித்துவிட்டு
ஆறு இருபது என்று திருத்தினார்.
போன வாரமே நேரம் மாற்றிட்டான், என்றார்.

நான் அவள் நம்பரை வாங்கி வைக்கவில்லை.